வெட்டும் நொதிக்கு முன் இணைக்கும் நொதி: டி.என்.ஏ. பழுதுநீக்க நொதிகள் ஆய்வுக் கருவிகளான வரலாறு (1949–1973)

ஆய்வுச் சுருக்கம்

மரபணுப் பொறியியலின் வரலாறு பெரும்பாலும் டி.என்.ஏ.வை வெட்டும் தடைகட்டு நொதிகளின் கண்டுபிடிப்பிலிருந்து எழுதப்படுகிறது. வெட்டப்பட்ட துண்டுகளை இணைத்த லைகேஸ், இடைவெளிகளை நிரப்பிய பாலிமரேஸ், முனைகளைச் சீர்செய்த எக்ஸோநியூக்ளியேஸ் ஆகியவை அவ்வரலாற்றில் துணைக்கருவிகளாகவே இடம்பெறுகின்றன. இந்நொதிகள் தடைகட்டு நொதிகளுக்கு முன்பே தூய்மைப்படுத்தப்பட்டவை என்பதையும், செல் தன் டி.என்.ஏ.வைப் பழுதுநீக்குவது எவ்வாறு என்ற வினா அவற்றின் கண்டுபிடிப்பிலும் பொருள் விளக்கத்திலும் முதன்மைப் பங்கு வகித்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. 1949ஆம் ஆண்டின் ஒளிமீட்சி ஆய்வுகள் முதல் 1972–73ஆம் ஆண்டுகளின் மறுசேர்க்கை டி.என்.ஏ. சோதனைகள் வரையிலான காலம் ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: டி.என்.ஏ. பழுதுநீக்கம், லைகேஸ், பாலிமரேஸ், ஒளிமீட்சி, மறுசேர்க்கை டி.என்.ஏ., அறிவியல் வரலாறு

1. முன்னுரை

மூலக்கூறு உயிரியல் பாடநூல்களில் மரபணுப் பொறியியலை விளக்கும் இயல் பெரும்பாலும் இரண்டு உவமைகளோடு தொடங்கும். தடைகட்டு நொதி கத்தரிக்கோல், லைகேஸ் பசை. முதலில் வெட்டுதல், பின்னர் ஒட்டுதல் என்ற செய்முறை வரிசை மாணவர் மனத்தில் வரலாற்று வரிசையாகவும் பதிந்துவிடுகிறது. 1978ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு தடைகட்டு நொதிகளுக்காக வெர்னர் ஆர்பர், டேனியல் நேதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோருக்கு வழங்கப்பட்டமையும் இப்பதிவை வலுப்படுத்தியது. லைகேஸின் கண்டுபிடிப்புக்கு அத்தகைய பரிசு எதுவும் வழங்கப்படவில்லை.

ஆனால் காலவரிசை இதற்கு நேர்மாறானது. குறிப்பிட்ட வரிசையில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை ஸ்மித்தும் அவருடைய உடனாய்வாளர்களும் 1970இல் வெளியிட்டனர். லைகேஸ் 1967இலேயே கண்டறியப்பட்டது. டி.என்.ஏ. பாலிமரேஸ் அதற்கும் பத்தாண்டுகளுக்கு முந்தையது. வெட்டத் தெரிவதற்கு முன்பே இணைக்கத் தெரிந்திருந்தது எனில், வெட்டாத ஒன்றை இணைக்க வேண்டிய தேவை ஆய்வாளர்களுக்கு ஏன் எழுந்தது? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளியாகும். இதற்கான விடையின் பெரும்பகுதி, செல்லின் டி.என்.ஏ. இயல்பாகவே முறிகிறது, சிதைகிறது, மீண்டும் சீர்பெறுகிறது என்ற உண்மை உணரப்பட்ட வரலாற்றில் அடங்கியுள்ளது.

2. ஒளியால் மீண்ட உயிரிகள்

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953இல் வெளியானபோது, அம்மூலக்கூறு மிக நிலையானது என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்தியைக் கடத்தும் பொருள் உறுதியானதாக இருக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. எனினும், செல் தன் சேதத்தைச் சீர்செய்துகொள்கிறது என்பதற்கான முதல் தெளிவான சான்று இரட்டைச் சுருளுக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே கிடைத்துவிட்டது.

கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகளைப் புற ஊதாக் கதிருக்கு உட்படுத்தி, உயிர்பிழைப்பவற்றை எண்ணி வந்தார். ஒரே அளவு கதிர் பெற்ற வித்துகளில் உயிர்பிழைத்தவற்றின் எண்ணிக்கை சோதனைக்குச் சோதனை பெரிதும் வேறுபட்டது. வெப்பநிலையே காரணம் என முதலில் கருதிய அவர், அதனைக் கட்டுப்படுத்திய பின்னும் வேறுபாடு நீங்காததைக் கண்டார். சன்னல் வழியே வந்த ஒளியே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கதிரால் இறந்தனவாகக் கணக்கிடப்பட வேண்டிய வித்துகள் கண்ணுறு ஒளியில் வைக்கப்பட்டபோது பல்லாயிரம் மடங்கு மிகுதியாகப் பிழைத்தன. அதே 1949ஆம் ஆண்டில், இண்டியானா பல்கலைக்கழகத்தில் சால்வடார் லூரியாவின் ஆய்வகத்தில் பணியாற்றிய ரெனாடோ டல்பெக்கோ, கதிரால் செயலிழந்த ஃபேஜ் வைரஸ்கள் பாக்டீரியாவுக்குள் இருக்கும்போது ஒளியால் மீட்சி பெறுவதை வெளியிட்டார்.

ஒளிமீட்சி என்பது நொதியின் வேலை என்பது உடனடியாக விளங்கவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளாட் ரூபர்ட், சால் குட்கல், ரோஜர் ஹெரியட் ஆகியோர் 1958இல் இதனைச் சோதனைக்குழாயில் காட்டினர். புற ஊதாக் கதிரால் சேதமுற்ற ஹீமோஃபிலஸ் டி.என்.ஏ., ஈ. கோலையின் செல்சாறும் ஒளியும் சேர்ந்தவிடத்து மரபுப் பண்பைக் கடத்தும் திறனை மீண்டும் பெற்றது. செல்லுக்கு வெளியே டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் நொதிச்செயல் ஒன்று முதன்முறையாக அளவிடப்பட்டது எனலாம். சேதமுற்ற டி.என்.ஏ.வை வினைப்பொருளாகக் கொண்டு செல்சாற்றில் நொதியைத் தேடும் இம்முறையே பின்வந்த பல நொதிகளின் தேடலுக்கும் அடிப்படையாயிற்று.

3. வெட்டி நீக்கமும் எஞ்சிய வினாவும்

ஒளி இன்றியும் பாக்டீரியாக்கள் சேதத்திலிருந்து மீள்வதை ஆய்வாளர்கள் அறிந்திருந்தனர். 1964ஆம் ஆண்டில் மூன்று குழுக்கள் இதற்கான விளக்கத்தை நெருங்கின. ஓக் ரிட்ஜில் ரிச்சர்டு செட்லோ, வில்லியம் கேரியர் ஆகியோரும், யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு பாய்ஸ், பால் ஹோவர்டு-ஃபிளாண்டர்ஸ் ஆகியோரும் புற ஊதாக் கதிரால் இணைந்துவிட்ட தைமின் இரட்டைகள் டி.என்.ஏ.விலிருந்து வெட்டி அகற்றப்படுவதைக் கண்டனர். ஸ்டான்ஃபோர்டில் டேவிட் பெட்டிஜானும் பிலிப் ஹானவால்ட்டும், கதிர்பட்ட பாக்டீரியாவில் புதிய நியூக்ளியோடைடுகள் சிறுசிறு திட்டுகளாகச் சேர்க்கப்படுவதைக் கண்டனர்.

இவற்றை இணைத்துப் பார்த்தபோது நான்கு படிகள் கொண்ட ஒரு வரைவு உருவாயிற்று. சேதத்தின் அருகே இழை வெட்டப்படுகிறது. சேதமுற்ற பகுதி நீக்கப்படுகிறது. எதிர் இழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படுகிறது. இறுதியாக முனைகள் இணைக்கப்படுகின்றன. மூன்றாம் படிக்கு ஏற்ற பாலிமரேஸ் அறியப்பட்டிருந்தது. நான்காம் படிக்கு நொதி இல்லை. பாலிமரேஸ் ஒரு முனையில் நியூக்ளியோடைடைச் சேர்க்கவல்லது. ஆனால் ஏற்கெனவே உள்ள இரண்டு முனைகளை இணைக்க அதனால் இயலாது.

இதே இடைவெளி வேறு இரண்டு திசைகளிலும் தென்பட்டது. ஃபேஜ்களின் மரபுச் சேர்க்கையில் டி.என்.ஏ. முறிந்து மீண்டும் இணைகிறது என்பதை மேத்யூ மெசல்சனும் ஜான் வெய்கிளும் 1961இல் காட்டியிருந்தனர். லாம்டா ஃபேஜின் நீள்வடிவ டி.என்.ஏ. பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும் மூடிய வளையமாவதும் தெரியவந்தது. பழுதுநீக்கம், மரபுச் சேர்க்கை, வளையமாதல் ஆகிய மூன்றும் கண்டறியப்படாத ஒரே நொதியைச் சுட்டி நின்றன.

4. 1967: ஐந்து ஆய்வகங்கள், ஒரு நொதி

அந்நொதியை 1967இல் ஐந்து ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறிந்தன. பெத்தெஸ்டாவின் தேசிய நல்வாழ்வு நிறுவனங்களில் மார்ட்டின் கெல்லெர்ட், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பெர்னார்டு வெய்ஸ் மற்றும் சார்லஸ் ரிச்சர்ட்சன், ஸ்டான்ஃபோர்டில் பால்டோமெரோ ஒலிவேரா மற்றும் ராபர்ட் லேமன், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜெரார்டு ஹர்விட்ஸ் குழுவினர், மீண்டும் ஸ்டான்ஃபோர்டில் ஆர்தர் கோர்ன்பெர்க் குழுவினர் ஆகியோரே அவர்கள்.

இவர்கள் தேடிய வழிகள் வேறுபட்டவை. கெல்லெர்ட் லாம்டா டி.என்.ஏ. மூடிய வளையமாவதை அளவிட்டார். வெய்ஸும் ரிச்சர்ட்சனும் ஒற்றையிழை முறிவுகளைக் கொண்ட டி.என்.ஏ.வை வினைப்பொருளாக்கி, டி4 ஃபேஜ் தொற்றிய ஈ. கோலையிலிருந்து நொதியைப் பிரித்தனர். இவர்களின் முதற்கட்டுரையின் தலைப்பும் ஹர்விட்ஸ் குழுவினரின் தலைப்பும் 'பழுதுநீக்கம்' என்ற சொல்லையே தாங்கியுள்ளன. பழுதுநீக்கம் பிற்காலத்தார் ஏற்றிய பொருளன்று, கண்டறிந்தோரே தம் நொதிக்குத் தந்த பொருள் என்பதற்கு இத்தலைப்புகள் சான்றாகும்.

லைகேஸின் வேதியியல் விரைவில் தெளிவாயிற்று. முதற்படியில் நொதி தன் லைசின் ஒன்றின் மீது அடினைலேட் தொகுதியை ஏற்கிறது. இரண்டாம் படியில் அத்தொகுதி முறிந்த இழையின் 5′ ஃபாஸ்ஃபேட்டுக்கு மாற்றப்படுகிறது. மூன்றாம் படியில் அருகிலுள்ள 3′ ஹைட்ராக்சில் அந்த ஃபாஸ்ஃபேட்டைத் தாக்கி, ஃபாஸ்ஃபோடைஎஸ்டர் பிணைப்பு உருவாகிறது; அடினைலேட் வெளியேறுகிறது. டி4 ஃபேஜின் லைகேஸ் அடினைலேட்டை ஏடிபியிலிருந்து பெறுகிறது. ஈ. கோலையின் லைகேஸோ அதனை என்ஏடியிலிருந்து பெறுகிறது. ஆக்சிஜனேற்ற வினைகளின் துணைநொதியாகவே பெரிதும் அறியப்பட்டிருந்த என்ஏடி, இங்கு அடினைலேட்டை வழங்கும் பொருளாகச் செயற்படுவது அக்காலத்தில் எதிர்பாராத முடிவாகும்.

லைகேஸின் பொருள் ஓராண்டுக்குள் விரிவடைந்தது. நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகி, சுனெகோ ஒகசாகி ஆகியோரின் குழு, டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது புதிய இழை சிறு துண்டுகளாக உருவாகிப் பின்னர் இணைக்கப்படுகிறது என்று 1968இல் வெளியிட்டது. இணைப்பது லைகேஸே. ஸ்டான்ஃபோர்டில் லேமன், அவருடைய மாணவர் பால் மோட்ரிச் முதலியோர் 1973இல் ஆராய்ந்த சடுதிமாற்றிகள், லைகேஸ் இன்றி ஈ. கோலை வாழ இயலாது என்பதை உறுதிசெய்தன. பழுதுநீக்கம், மரபுச் சேர்க்கை ஆகியவற்றின் நொதியாகத் தேடப்பட்ட ஒன்று, இரட்டிப்பாதலின் இன்றியமையாத நொதியாகவும் விளங்கிற்று.

5. இரட்டிப்பு நொதி பழுதுநீக்க நொதியாதல்

பாலிமரேஸின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கோர்ன்பெர்க் 1956இல் கண்டறிந்த இந்நொதி, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியாகவே ஏற்கப்பட்டது. 1959இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1967 டிசம்பரில் மெஹ்ரான் கூலியன், கோர்ன்பெர்க், ராபர்ட் சின்ஷீமர் ஆகியோர் பாலிமரேஸையும் லைகேஸையும் கொண்டு, தொற்றும் திறனுடைய ஃபை எக்ஸ் 174 வைரஸ் டி.என்.ஏ.வைச் சோதனைக்குழாயில் உருவாக்கினர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனே இச்செய்தியைப் பொதுமக்களுக்கு அறிவித்தார்.

இரண்டு ஆண்டுகளில் நிலை மாறியது. இந்நொதிதான் செல்லில் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்குகிறது என்ற கருத்தை ஐயுற்ற ஜான் கெய்ர்ன்ஸ், அது இல்லாத பாக்டீரியாவைத் தேடினார். வேதிப்பொருளால் சடுதிமாற்றம் தூண்டப்பட்ட ஆயிரக்கணக்கான ஈ. கோலை குழுமங்களை ஒவ்வொன்றாகச் சாறெடுத்துச் சோதிக்கும் பணியை அவருடைய ஆய்வகத் துணைவர் பவுலா டி லூசியா மேற்கொண்டார். பி3478 எனக் குறியிடப்பட்ட ஒன்றில் பாலிமரேஸ் செயல்பாடு ஏறத்தாழ இல்லை. ஆயினும் அப்பாக்டீரியா இயல்பாகப் பெருகியது. புற ஊதாக் கதிருக்கு மட்டும் அது மிக எளிதில் இரையாயிற்று. 1969 டிசம்பரில் இம்முடிவு வெளியானது. அம்மரபணுவுக்கு இடப்பட்ட 'பால்-ஏ' என்ற பெயர், நொதியையும் பவுலாவையும் ஒருங்கே குறிப்பதாகும்.

கோர்ன்பெர்க்கின் நொதி 'வெறும்' பழுதுநீக்க நொதிதான் என்ற இகழ்ச்சி அக்கால அறிவியல் இதழ்ப் பத்திகளில் ஒலித்தது. இரட்டிப்பாதலை நிகழ்த்தும் பாலிமரேஸ் III பின்னர் கோர்ன்பெர்க்கின் மகன் தாமஸ் கோர்ன்பெர்க்கும் மால்கம் கெஃப்டரும் செய்த ஆய்வில் வெளிப்பட்டது. இசை பயின்றுவந்த தாமஸ், தந்தையின் நொதிமீது எழுந்த ஐயத்தின் பின்னணியில் ஆய்வகத்துக்குள் வந்தவர். இரட்டிப்பாதலிலும் பாலிமரேஸ் I-க்குப் பங்குண்டு என்பது பின்னர் உறுதியாயிற்று. ஒகசாகித் துண்டுகளின் தொடக்கத்திலுள்ள ஆர்.என்.ஏ.வை நீக்கி அவ்விடத்தை நிரப்புவது அதுவே.

'வெறும் பழுதுநீக்கம்' என்ற அச்சொற்றொடர் வரலாற்று நோக்கில் கருதத்தக்கது. நகலெடுத்தல் உயர்ந்த பணி, சீர்செய்தல் தாழ்ந்த பணி என்ற மதிப்பீடு அதனுள் உறைந்துள்ளது. ஆனால் முறிவில் பற்றி, முன்னுள்ள இழையை நீக்கியவாறே புதிய இழையை இடும் அதன் பழுதுநீக்கப் பண்புதான் அந்நொதியைச் சோதனைக்கூடத்தில் பயனுடையதாக்கியது. 1977இல் பால் பெர்க்கின் குழு விவரித்த கதிரியக்கக் குறியிடல் முறை, முற்றிலும் இப்பண்பையே சார்ந்தது.

6. பழுதுநீக்க நொதிகள் கருவிகளாதல்

இந்நொதிகளைக் கருவிகளாகக் கொண்ட முதற்பெரும் முயற்சிகளுள் ஒன்று ஹர் கோபிந்த் கொரானாவுடையது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, ஈஸ்டின் அலனைன் கடத்து ஆர்.என்.ஏ.வுக்குரிய 77 இணைகள் கொண்ட மரபணுவை வேதிமுறையில் சிறு துண்டுகளாகத் தொகுத்தது. துண்டுகளின் 5′ முனைகளில் ஃபாஸ்ஃபேட்டைச் சேர்க்க டி4 கைனேஸும், அவற்றை இணைக்க டி4 லைகேஸும் பயன்பட்டன. 1970இல் வெளியான இம்முயற்சியில் தடைகட்டு நொதிக்கு இடமே இல்லை. ஒட்டும் முனைகள் இல்லாத மழுங்கிய முனைகளையும் டி4 லைகேஸ் இணைக்கும் என்பதும் அதே குழுவில் விட்டோரியோ ஸ்கரமெல்லா முதலியோரால் வெளிப்பட்டது.

இருவேறு உயிர்மூலங்களின் டி.என்.ஏ.வை இணைத்த சோதனையை டேவிட் ஜாக்சன், ராபர்ட் சைமன்ஸ், பால் பெர்க் ஆகியோர் 1972 அக்டோபரில் வெளியிட்டனர். அச்சோதனையின் நொதிகளை வரிசையாக எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் வாதத்துக்கு இன்றியமையாதது. எஸ்வி40 வைரஸின் வளைய டி.என்.ஏ.வை ஒரே இடத்தில் திறக்க ஈகோஆர்ஐ என்னும் தடைகட்டு நொதி பயன்பட்டது. அதன்பின் லாம்டா எக்ஸோநியூக்ளியேஸ் 5′ முனைகளைச் சற்றே குறைத்தது. டெர்மினல் டிரான்ஸ்ஃபெரேஸ் ஒரு மூலக்கூறின் முனைகளில் அடினின் வாலையும் மற்றதில் தைமின் வாலையும் வளர்த்தது. வால்கள் ஒன்றையொன்று பற்றியபின் எஞ்சிய இடைவெளிகளைப் பாலிமரேஸ் I நிரப்பியது, தகுதியற்ற 3′ முனைகளை எக்ஸோநியூக்ளியேஸ் III சீர்செய்தது, லைகேஸ் மூடியது.

ஆறு நொதிகளில் வெட்டுவதற்கென வந்தது ஒன்றே. இறுதி மூன்றும் 1964ஆம் ஆண்டு வரைவின் பிற்பகுதியை அப்படியே நினைவூட்டுகின்றன: சீர்செய், நிரப்பு, மூடு. எக்ஸோநியூக்ளியேஸ் III காரம் இழந்த இடங்களைப் பழுதுநீக்கும் முதன்மை நொதி என்பது பின்னாளில் தெளிவானது. ஸ்டான்ஃபோர்டு உயிர்வேதியியல் துறையில் இந்நொதிகள் கோர்ன்பெர்க், லேமன் ஆகியோரின் குளிர்பெட்டிகளில் முன்பே இருந்தன. அதே துறையில் டேல் கைசரின் மாணவர் பீட்டர் லோபன் இணையான முறையைத் தனித்து வகுத்ததும் இச்சூழலில்தான். மறுசேர்க்கை டி.என்.ஏ. அத்துறையில் தோன்றியதற்குக் கருத்துகளோடு, கைக்கெட்டிய தூய நொதிகளும் காரணம் எனக் கருதலாம்.

7. கருதுகோளின் எல்லைகள்

இவ்வாதத்தை மிகைப்படுத்தல் ஆகாது. முதலாவதாக, வால்சேர்க்கும் முறை பல படிகளும் பல நொதிகளும் கொண்ட கடினமான முறை. ஈகோஆர்ஐ வெட்டும்போதே ஒட்டும் முனைகள் உருவாகின்றன என்று ஜேனட் மெர்ட்ஸும் ரொனால்டு டேவிஸும் 1972 நவம்பரில் காட்டிய பின்னரே அது எளிமையுற்றது. 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் தம் உடனாய்வாளர்களுடன் செய்த பிளாஸ்மிடு சோதனை, வெட்டுதல், இணைத்தல் என்ற இரண்டே படிகளில் முடிந்தது. இம்முறை உலகெங்கும் பரவியதற்குத் தடைகட்டு நொதிகளின் துல்லியமே காரணம்.

இரண்டாவதாக, கருவிகள் அனைத்தும் செல்லின் பழுதுநீக்கத்துக்குரியவை அல்ல. டி4 லைகேஸ் வைரஸ் ஒன்றின் மரபணு உருவாக்கும் நொதி. டெர்மினல் டிரான்ஸ்ஃபெரேஸ் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து பெறப்பட்டது. தடைகட்டு நொதியோ அயல் டி.என்.ஏ.வை எதிர்க்கும் தற்காப்பு நொதி.

மூன்றாவதாக, பாலிமரேஸ் பழுதுநீக்க வினாவிலிருந்து பிறந்ததன்று. இரட்டிப்பாதலைத் தேடியபோது கிடைத்தது. ஆகவே பழுதுநீக்க ஆய்வே மரபணுப் பொறியியலைத் தோற்றுவித்தது என்று கூறவியலாது. வெட்டும் நொதியை எதிர்கொள்ள இணைக்கும், நிரப்பும் நொதிகள் முன்பே அணியமாயிருந்தன; அந்த அணியத்தில் பழுதுநீக்க ஆய்வுக்குப் பெரும்பங்குண்டு என்பதே நிறுவத்தக்க முடிவாகும்.

8. 'பசை' என்னும் உவமை

லைகேஸைப் பசை எனக் கூறும் வழக்கையும் இங்கு மறுபரிசீலனை செய்யலாம். பசை இரு பொருள்களுக்கிடையே தங்கிவிடும். லைகேஸ் பிணைப்பில் எதனையும் விட்டுச்செல்வதில்லை. பசை எதனையும் எதனோடும் ஒட்டும். லைகேஸ் ஒருபுறம் 5′ ஃபாஸ்ஃபேட்டும் மறுபுறம் 3′ ஹைட்ராக்சிலும் உள்ள இடத்தையே மூடும். இணைத்தபின் அவ்விடம் முறிந்ததற்கான தடயமே இராது. அறுந்த இழையின் இரு தலைப்புகளைத் தேடிப் பிணைத்து, முடிச்சும் தெரியாமல் செய்துவிடும் நெசவாளரின் கை இதற்கு நெருங்கிய உவமை. பாடநூல்களில் பசை நிலைத்துவிட்டது. எனினும் 'இணைப்பு நொதி', 'பழுதுநீக்க நொதி' போன்ற கலைச்சொற்களை முன்னிறுத்துவது, செல்லில் இந்நொதிக்குள்ள பணியையும் மாணவர்க்கு உணர்த்தும்.

9. முடிவுரை

2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு டி.என்.ஏ. பழுதுநீக்க ஆய்வுக்காகத் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசிஸ் சாஞ்சார் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. இவர்களுள் சாஞ்சார், ஒளிமீட்சியைச் சோதனைக்குழாயில் காட்டிய ரூபர்ட்டின் மாணவர். மோட்ரிச், லைகேஸைக் கண்டறிந்த லேமனின் மாணவர். பின்னர் ரிச்சர்ட்சனிடம் பணியாற்றியவர். இக்கட்டுரை விவரித்த இரு மரபுகளும் அப்பரிசில் சந்தித்தன. மரபணுப் பொறியியலின் வரலாறும் பழுதுநீக்கத்தின் வரலாறும் தனித்தனி நூல்களாக எழுதப்படினும், அவற்றின் மாந்தரும் நொதிகளும் பெரிதும் ஒருவரே என்பதை இது காட்டுகிறது.

இவ்வுறவு பழங்கதையன்று. இன்றைய கிரிஸ்பர் முறையில் காஸ்9 நொதி செய்வது வெட்டுதல் மட்டுமே. வெட்டப்பட்ட இடம் எவ்வாறு மாறும் என்பதைச் செல்லின் சொந்தப் பழுதுநீக்க நொதிகளே முடிவுசெய்கின்றன. கத்தரிக்கோல் மனிதன் தேர்ந்தெடுத்த இடத்தைத் தொடுகிறது. அங்கே திருத்தம் நிகழ்வது செல்லின் கையால். ஆகவே மரபணுத் திருத்தத்தின் வரலாற்றை எழுதுவோர், வெட்டிய நொதியை மட்டுமன்றி இணைத்த நொதியையும், 1949இல் ஒரு சன்னலருகே எழுந்த வினாவையும் தம் தொடக்க இயலில் சேர்த்தல் வேண்டும்.